கோசோ கப்பலில் புயல் அடிக்கவில்லை

தங்கச்சிமடம்
ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை

பங்குச் செய்தி இதழ் 'கரைமடல்' ஆசிரியர், மதிப்பிற்குரிய சகாயவினோத் தம்பி அவர்களுக்கு, மரியதாஸ் மனைவி லூர்து மேரி எழுதிக்கொண்டது.

மாதா புண்ணியத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? தைலம் தீர்ந்திருந்தால் சொல்லி அனுப்பவும், மகள் ஷெரின் கொடுத்துவிட்டதில் இன்னும் இரண்டு பாட்டில் இருக்கிறது. மாசமாக இருக்கும் உங்கள் வீட்டுப் பெண்ணை வெயிலில் பூசைக்கு நடக்கவிட வேண்டாம், ஆட்டோவில் அனுப்பவும்.

நிற்க. இந்த மாதக் கரைமடல் நான்காம் பக்கத்தில் 'மத்தியதரைக் கடலில் நம் மரியதாஸ்' என்ற தலைப்பில், என் வீட்டுக்காரர் சொல்ல நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். முதல் தடவை நானே படித்தேன். இரண்டாம் தடவை பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் வந்து சத்தமாகப் படித்துக் காட்டினாள். மூன்றாம் தடவை அவரே கண்ணாடி போட்டுக்கொண்டு, தனக்குத் தெரியாத செய்தி மாதிரி, தலையை ஆட்டி ஆட்டிப் படித்தார். கோசோ தீவுக்குப் போகும் வழியில் புயல் அடித்ததாகவும், பயணிகள் கதறியதாகவும், இவர் எழுந்து நின்று கைகாட்டி அவர்களை அமைதிப்படுத்தியதாகவும், கப்பல் கேப்டனே இறங்கி வந்து இவர் முதுகில் தட்டிப் பாராட்டியதாகவும் அதில் இருக்கிறது. கடைசியில், 'என் மனைவி கீழே ஹாலில் பத்திரமாக உட்காரவைக்கப்பட்டிருந்தார்' என்றும் இருக்கிறது. புயலை நான் மன்னித்துவிடுவேன் தம்பி. கேப்டனையும் மன்னித்துவிடுவேன். அந்தக் கடைசி வரியை மன்னிக்க என்னால் ஏலாது. நீங்கள் எம்.ஏ. படித்தவர், எங்கள் வீடு உங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, ஒரு எட்டு வந்து என்னிடமும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். கீழே உள்ளது அத்தனையும் நடந்தது நடந்தபடி.

உங்களுக்கு முதலில் ஒரு விவரம் தெரிய வேண்டும். எனக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அவர் அதற்கு முன்னாலிருந்தே கடலுக்குப் போகிறவர், விசைப்படகு ஓட்டுகிறவர். இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் நான் ஐஸ் பெட்டி தூக்கியிருக்கிறேன், ஏலத்தில் சண்டை போட்டிருக்கிறேன், எல்லை தாண்டியதாகச் சொல்லி அவரை அந்தப் பக்கம் பிடித்துவைத்திருந்தபோது கலெக்டர் ஆபீஸ் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறேன். படகில் மட்டும் ஒரு கால் வைத்ததில்லை. பாசி எடுக்கும் பெண்கள் எல்லாம் வள்ளத்தில் ஏறித் தீவுக்குப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுப் படகில் பொம்பளை கால் பட்டால் மீன் படாது என்று என் மாமனார் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சீட்டு விளையாடாதே என்றும்தான் மாமனார் சொன்னார், இவர் கேட்கவில்லை. தம்பியோடு பேச்சை நிறுத்தாதே என்றார், அதையும் கேட்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் வேதம் மாதிரிப் பிடித்துக்கொண்டார். நானும் முதல் பத்து வருஷம் என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன், பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். ஆசையை விடவில்லை.

ஷெரின் மால்ட்டாவில் நர்ஸாக இருக்கிறாள். மால்ட்டா என்றால் இத்தாலிக்குக் கீழே நடுக்கடலில் ஒரு தீவு, நம் தீவைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா எப்படியும் வீட்டில் சும்மா உட்கார்ந்து உன் உயிரை எடுக்கத்தானே போகிறார், இரண்டு பேரும் வந்து மூன்று வாரம் இருங்கள் என்று டிக்கெட் போட்டுவிட்டாள். இது கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். அன்றைக்கே போனில் சொன்னாள்:

"அம்மா, நான் இருக்கிற தீவுக்கு வடக்க இன்னொரு தீவு இருக்கு. கோசோன்னு பேரு. அங்கன வயக்காட்டுக்கு நடுவுல தனியா ஒரு மாதா கோவில் இருக்கு. காலையில போய்ட்டு சாயங்காலம் வந்துரலாம்."

"பாலம் இருக்கா?"

"பாலம் இல்லம்மா. கப்பல்லதான் போகணும்."

அந்த நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன். மாதா என்னை மன்னிக்க வேண்டும், கோவில் என் காதில் இரண்டாவதாகத்தான் விழுந்தது. இவரிடம் சொன்னேன். வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தீவுல பொறந்து தீவுல வளந்தவன் நான். பிளேன் ஏறி இன்னொரு தீவுக்குப் போறதே அதிகம். அங்கேருந்து மூணாவதா ஒரு தீவு எதுக்கு? அங்கனயும் நாலு பக்கமும் கடல்தான இருக்கும்."

"நாலு பக்கமும் இருக்கான்னு எண்ணிப் பாத்துட்டு வாரேன்" என்றேன்.

அதிலிருந்து நாலு மாதம் எனக்கு வேறு வேலை இல்லை. பழைய டைரி ஒன்றில் கோசோ என்று தலைப்புப் போட்டு, மேலே சிலுவை வரைந்து, அந்த ஒரு நாளைக்கு மட்டும் திட்டம் எழுதினேன். அதிகாலை ஐந்து மணிக்கு நான் எழுவது. ஐந்தேகாலுக்கு இவரை எழுப்புவது. ஐந்தரைக்கு இவரை மறுபடியும் எழுப்புவது. ஆறேகாலுக்கு பஸ், எட்டு மணிக்குக் கப்பல், ஒன்பதரைக்குக் கோவில் என்று மாலை வரைக்கும் இரண்டு பக்கம். கப்பல் நேரங்களை ஷெரின் போனில் அனுப்பினாள், நான் ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்தேன். புளிச்சோறு எத்தனை மணி நேரம் கெடாமல் இருக்கும் என்று கட்டிவைத்துத் திறந்து திறந்து பார்த்தேன். எல்லாவற்றையும்விட எனக்கிருந்த பெரிய கவலை, ஆடுகிற கப்பலில் எப்படி நிற்பது என்பதுதான். அதற்கு வழி நானே கண்டுபிடித்தேன். ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே போவது, பாம்பன் பாலத்தின் மேல் ஏறியதும் கம்பியிலிருந்து கையை எடுத்துவிடுவது. பாலத்தில் காற்று பஸ்ஸைத் தள்ளும், டிரைவர் முன்னால் போகும் லாரிக்காகப் பிரேக் போடுவார், நான் காலை அகட்டி வைத்து நிற்பேன். இரண்டாவது வாரம் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, இம்புட்டு சீட்டு காலியா கெடக்கு, உக்காருங்க."

"இருக்கட்டும் தம்பி, பழகிக்கிறேன்."

"எதுக்குப் பழகுறீக?"

"கப்பலுக்கு."

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் விஷயம் பரமக்குடி வரைக்கும் போய்விட்டது. அங்கே ஒரு கல்யாண வீட்டில் ஒருவர், மேரிக்கு மூலமாமே, உட்கார முடியவில்லையாமே என்று இவரிடம் விசாரித்தாராம். இவர் வீட்டுக்கு வந்து குதித்தார். நான் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு, எட்டு மணிக் கப்பலை விட்டால் எட்டே முக்காலுக்கு ஒன்று இருக்கிறது என்று அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

மே மாதம் மால்ட்டா போய்ச் சேர்ந்தோம். விமானத்தில் நடந்ததை எழுதினால் தனிக் கடிதம் ஆகும், விட்டுவிடுகிறேன். கோசோவுக்கு என்று குறித்திருந்த முதல் நாளில் ஷெரினோடு வேலை செய்யும் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து, இவள் ட்யூட்டிக்குப் போக வேண்டியதாகிவிட்டது. சரி, பிள்ளை பிழைப்பு முக்கியம். அடுத்த வாரம் குறித்த நாளில் எல்லாம் தயார், புளிச்சோறு கட்டியாகிவிட்டது, நான் ஈஸ்டர் சேலையை உடுத்திவிட்டேன். கச்சான் காற்று, அதாவது மேல்காற்று, அப்படி ஒரு அடி அடித்தது. கப்பல் விடவில்லை என்று ஷெரின் போனைப் பார்த்துச் சொன்னாள். அந்தப் புளிச்சோற்றை ஷெரின் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இவர் இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இதுவும் நல்லாத்தான் இருக்கு என்றார். அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.

மிச்சம் இருந்தது ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மட்டும். அன்றைக்கும் காற்று நிற்கவில்லை. இரவு வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்த ஷெரின், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கும் நடக்காதும்மா. நாள் பூரா அடிக்கும்னு போட்டுருக்கு. அடுத்த வருசம் போவோம்."

அடுத்த வருஷம் யார் இருப்பார்கள், யாருக்கு விசா கிடைக்கும் தம்பி. நான் டைரியை மூடி வைத்தேன். அப்போது இவர் பால்கனியில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். கீழே விரிகுடாவில் கட்டிக்கிடந்த படகுகளைப் பார்த்தார், எதிர் வீட்டுக் கொடியில் ஆடிய துணிகளைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்:

"பத்து மணிக்குக் காத்து விழுந்துரும்."

"போன்ல நாள் பூரா அடிக்கும்னு இருக்குப்பா."

"போன் வீட்டுக்குள்ள இருக்கு. நான் வெளியில நிக்கிறேன்."

நீங்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். இவருக்குக் கோசோ போக இஷ்டமே இல்லை. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும், மத்தியானம் வரைக்கும் படுத்துத் தூங்கியிருக்கலாம், என் ஆசையும் அதோடு முடிந்திருக்கும். யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. நான் எழுந்து போய்க் கேட்டேன்.

"நெசமாவா சொல்றீக?"

"காத்து விசயத்துல நான் எப்பப் பொய் சொல்லிருக்கேன்."

அது உண்மைதான். மீன் விஷயத்தில் சொல்வார், எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால் சொல்வார், உங்கள் பத்திரிகைக்கும் சொல்வார். காற்றைப் பற்றி மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. படகில் கூட வருகிற ஐந்து பேருக்கு வீடும் பிள்ளைகளும் இருக்கின்றன அல்லவா. பாருங்கள், அன்றைய நாளில் அவர் செய்த பெரிய காரியம் இதுதான், கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அவர் வாக்கை நம்பி, விடியலிலேயே கட்டிவைத்திருந்த புளிச்சோற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கப்பல்துறை தீவின் வடக்கு முனையில் இருக்கிறது, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இரவு முழுவதும் கண் விழித்த பிள்ளை என் தோளில் சாய்ந்ததும் தூங்கிவிட்டாள். எங்கே இறங்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது, அவளை எழுப்பவும் மனசு வரவில்லை. ஓர் இடத்தில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். பரமக்குடியில் டீக்குப் பத்து நிமிஷம் நிறுத்துவார்களே, அப்படித்தான் என்று நினைத்து நாங்கள் உட்கார்ந்திருந்தோம். இவர், நல்ல வேளை, ஜன்னலோர சீட்டை எவனும் பிடிக்கலை என்று சந்தோஷப்பட்டார். வேறு ஆட்கள் ஏறினார்கள், பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேரி, கடல் கை மாறிருச்சு."

"என்னது?"

"வரும்போது சோத்தாங்கைப் பக்கம் இருந்துச்சு. இப்பப் பீச்சாங்கைப் பக்கம் இருக்கு. வண்டி திரும்பிப் போகுது."

ஷெரினை எழுப்பினேன். அவள் வெளியே பார்த்துவிட்டு, அம்மா அதுதாம்மா கப்பல்துறை என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினால் எதிர்ப் பக்கம் பஸ் வருகிற வழியாக இல்லை. புளிச்சோற்றுப் பையை இவர் தலையில் வைத்துக்கொண்டார், நான் ஈஸ்டர் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டேன், வெளிநாட்டுக்காரர்கள் காரிலிருந்து எட்டி எட்டிப் பார்க்க, மூன்று கிலோமீட்டர் நடந்தோம். என் திட்டத்தில் இருந்த கப்பல் எல்லாம் போய்விட்டது, எட்டு மணிக் கப்பல், எட்டே முக்கால் கப்பல், ஒன்பதரைக் கப்பல். எனக்கு அழுகை வந்தது, நடக்கிற மூச்சில் அடக்கிக்கொண்டேன். நடந்துகொண்டிருக்கும்போதே முந்தானை பறப்பது நின்றிருப்பதைக் கவனித்தேன். ஷெரின் போனில் மணி பார்த்தேன். பத்தாக நாலு நிமிஷம். இவரைப் பார்த்தேன். அவர் ஒன்றுமே தெரியாதவர் மாதிரி முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

துறைக்குப் போனால் அங்கே பெரிய வரிசை. விடிந்ததிலிருந்து ஒரு கப்பலும் விடவில்லையாம், அத்தனை பேரும் காத்துக்கிடக்கிறார்கள். நாங்கள் தவறவிட்டதாக நினைத்த மூன்று கப்பலும் புறப்படவே இல்லை. நாங்கள் போய் நின்ற பத்தாவது நிமிஷம் கேட்டைத் திறந்தார்கள், அன்றைய முதல் கப்பலில் ஏறினோம்.

கப்பல் என்றால் நம் ஊர்ப் படகு பத்தை அடுக்கி வைத்த மாதிரி. வயிற்றுக்குள் காரும் லாரியும் போகிறது. இவர் ஏறும்போதே, கட்டின கயிறு தளர்ச்சியா கெடக்கு, இவனுக்குக் கட்டத் தெரியலை என்று குறை சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே சோபா போட்டு, கண்ணாடி அடைத்து, காப்பிக் கடை வைத்து ஒரு ஹால். அங்கே போய் நடுவில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"இங்கன உக்காரு. மேல காத்தா இருக்கும்."

"காத்துதான் விழுந்துருச்சே. நீங்கதான சொன்னீக" என்று சொல்லிவிட்டு நான் படியேறினேன். ஷெரின் என் பின்னால் வந்தாள்.

கப்பல் புறப்பட்டபோது நான் மேல்தட்டில் பின்பக்கம் கம்பியோரமாக நின்றேன். எதையும் பிடிக்கவில்லை. பயம் என்பது துளியும் இல்லை. காலையில் அடித்த காற்றின் மிச்சமாகக் கடல் பெரிது பெரிதாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, காலுக்குக் கீழே அது ஏறி இறங்குவது தெரிந்தது. தம்பி, நான் முப்பத்தெட்டு வருஷம் கரையில் நின்று படகு சின்னதாகிப் போவதைப் பார்த்தவள். கையளவு, விரலளவு, பிறகு ஒரு புள்ளி, பிறகு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து உலை வைப்பேன். அன்றைக்குத்தான் கரை சின்னதாவதைப் பார்த்தேன். நின்றிருந்த ஆட்கள் சின்னதானார்கள், பஸ் சின்னதானது, அந்த முனையே ஒரு கோடு மாதிரி ஆனது. அவர் படகிலிருந்து பார்த்தால் நானும் இப்படித்தானே சின்னதாகிப் போயிருப்பேன், ஒவ்வொரு தடவையும் இவர் திரும்பிப் பார்த்தாரோ என்னவோ என்று நினைத்தேன். தண்ணீர் நம் தனுஷ்கோடித் தண்ணீரைவிட அடர்ந்த நீலம். ஷெரின் என்னைப் பார்த்து, ஏம்மா அழுவுற என்றாள். உப்புக் காற்று என்றேன்.

பிறகு அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனவள் ஒரு நிமிஷத்தில் திரும்பி ஓடி வந்தாள்.

"அம்மா, வாந்தி எடுக்குறார்."

"யாரு?"

"அப்பா."

"யாரு அப்பா?"

"நம்ம அப்பாம்மா."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். முந்தின நாள் கணவாய் மீன் மாதிரி வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அலைக்கு முகம் காட்டி நின்றே பழகியவரை அடைத்த அறையில், கடலைப் பார்க்காமல், சோபாவில் உட்காரவைத்தால் என்ன ஆகும். ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பணியாள் மண்டிபோட்டு, காகிதப் பையைப் பிடித்துக்கொண்டு, முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். உங்கள் கட்டுரையில் வரும் கேப்டன் அவர்தான். இவர் கை காட்டியதும் உண்மைதான், பக்கத்தில் இருந்தவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லிக் காட்டியது. என்னைப் பார்த்ததும், இந்தக் காப்பி வாசம் ஒத்துக்கலை மேரி என்றார். ஷெரின் எலுமிச்சம்பழத்தை நறுக்கி மூக்கில் பிடித்தாள். நான் சிரிக்கவில்லை. அப்போது சிரிக்கவில்லை என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளவும்.

கோசோவில் இறங்கியதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. துறையில் சின்னச் சின்ன மரப் படகுகள் நின்றன, மஞ்சளும் நீலமும் சிவப்புமாகச் சாயம் பூசி, ஒவ்வொரு படகின் முகத்திலும் இரண்டு கண் வரைந்திருந்தார்கள். இவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு படகில் சால்வு என்று ஒரு கிழவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். இவர் போய் வலையைத் தொட்டுப் பார்த்தார், அவர் கொடுத்தார். இவர் ஒரு கிழிசலைக் காட்டினார், அவர் ஊசியைக் கொடுத்தார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது, இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். டைரிப்படி பார்த்தால் கோவிலுக்கு நேரமாகிறது. நான் மூன்று தடவை கூப்பிட்டேன். பிறகு புளிச்சோற்றில் பாதியை அந்தப் படகில் வைத்துவிட்டு, மகளும் நானும் பஸ் ஏறிப் போய்விட்டோம்.

கோவிலைப் பற்றி நீளமாக எழுத மாட்டேன். வயலுக்கு நடுவே தனியாக நிற்கிறது, தா பினு மாதா கோவில் என்று பெயர். பிழைத்த பிள்ளைகளின் சட்டைகள், உடைந்த ஹெல்மெட், ஊன்றுகோல் என்று ஜனங்கள் நேர்ச்சையாகக் கொண்டுவந்து வைத்தவை சுவர் முழுக்க இருக்கின்றன. முழங்காலிட்டு, இன்னும் அந்தப் பக்கம் சிறையில் இருக்கிற நம் கரைப் பிள்ளைகள் பெயரை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மறக்கக் கூடாது என்று டைரியில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். உங்கள் சித்தப்பா மகன் பெயரும் அதில் உண்டு.

நாலு மணிக்குத் துறைக்குத் திரும்பினால் சால்வு கரையில் உட்கார்ந்து என் புளிச்சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், இவரைக் காணவில்லை. ஷெரின் இங்கிலீஷில் கேட்டாள். அவர் ஸ்பூனைக் கடல் பக்கம் நீட்டினார். துறைக்குள் அந்தக் கண் வரைந்த படகு வளைந்து வந்துகொண்டிருந்தது. பின்னால் நின்று ஓட்டுவது கிழவரின் மனைவி. தலையில் துணி கட்டி, ரப்பர் பூட்ஸ் போட்டு, வாயில் சிகரெட்டோடு. முன்னால் பலகையில் சாமான் மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என் வீட்டுக்காரர்.

அவர் கரையேறும் வரை காத்திருந்தேன்.

"யாரு ஓட்டுனது?"

"அந்த அம்மாதான். சும்மா ஒரு சுத்து."

"தெனமும் கடலுக்குப் போறாகளா?"

"நாப்பது வருசமாப் போறாகளாம்."

"மீன் படுதாமா?"

அவர் செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது.

"ரெண்டு கூடை வச்சிருந்தாக" என்றார்.

தம்பி, முப்பத்தெட்டு வருஷமாக நான் சேர்த்துவைத்திருந்த பதில்கள் எதுவும் தேவைப்படவில்லை.

திரும்பும் கப்பலில் ஹால் வாசலைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். "மேல வாங்க" என்றேன். வந்தார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கீழ பாக்காதீக, தூரத்துல தெரியிற கரையப் பாருங்க" என்றேன். புதிதாகக் கடலுக்கு வருகிற ஆட்களுக்கு அவர் சொல்வது அதைத்தான். பார்த்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, கடல் அடங்கிவிட்டிருந்தது, பாதி தூரம் வந்த பிறகு அவர் என் காலைப் பார்த்தார். அகட்டி வைத்து, முட்டியைத் தளர்த்தி நின்றிருந்தேன்.

"நல்லாத்தான் நிக்கிற" என்றார்.

இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் என் மீன் குழம்பைக்கூட அப்படிச் சொன்னதில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்கள் அடுத்த இதழில், அதே நான்காம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், புயல் அடிக்கவில்லை என்றும், வாந்தி எடுத்தவர் மரியதாஸ் என்றும், அவர் மனைவி போகும்போதும் வரும்போதும் மேல்தட்டில் கையை எதிலும் வைக்காமல் நின்றார் என்றும் திருத்தம் போடும்படிக் கேட்டுக்கொள்கிறேன். காற்று விழும் நேரத்தை அவர் சரியாகச் சொன்னதையும் சேர்த்துப் போடவும், அது அவருக்குச் சேர வேண்டியது. உங்கள் அம்மாவுக்கும் வீட்டுப் பெண்ணுக்கும் என் அன்பைச் சொல்லவும். பிறக்கப்போகும் பிள்ளை ஆணோ பெண்ணோ, கடலுக்கு அஞ்சாமல் நூறு வயது வாழ மாதா துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
ம. லூர்து மேரி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போடுவதற்கு முன்னால் ஷெரினுக்கு வீடியோ காலில் முழுக்க வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, அம்மா ஒரு நிமிஷம் இரு என்று ஒரு வீடியோ அனுப்பினாள். அன்றைக்குப் போகும்போது மேல்தட்டில் அவள் எடுத்ததாம், எனக்குத் தெரியாது. அதில் நான் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரத் தம்பியின் கையை என் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, 'கரை வந்துருச்சா தம்பி, கரை வந்துருச்சா' என்று தமிழில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவரும் பாவம், யெஸ் யெஸ் என்கிறார். கப்பல் இன்னும் கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை. ஷெரின் அப்பா அந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். சிரிக்கவில்லை. "கண்ணத் தொறந்ததுக்கு அப்புறம் உள்ளது நெசந்தான, அனுப்பு" என்றார். எனக்குத்தான் மனசாட்சி கேட்கவில்லை. அதனால் திருத்தம் எதுவும் போட வேண்டாம், அவர் சொன்ன புயல் அப்படியே அடிக்கட்டும். இல்லை, போட்டே தீருவேன் என்றால், கண்ணைத் திறந்த இடத்திலிருந்து போடவும்.